சட்டைப் பொத்தானில் கட்டிய அட்டை

உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒரு முனையில் துளை, துளையில் நூல். காயம்பட்டு விழுந்த சிப்பாயின் சட்டைப் பொத்தானிலோ மணிக்கட்டிலோ அதைக் கட்டிவிடுவார்கள். பெயர், படைப்பிரிவு, எங்கே காயம், எத்தனை மணிக்கு, மார்ஃபியா எவ்வளவு கொடுத்தாயிற்று; அதற்கு மேல் எழுத இடம் கிடையாது. ஆனால் அந்த அட்டையின் நிறமோ, அதில் போட்ட எண்ணோ ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. இவரை இப்போதே அறுவை மேசையில் ஏற்று. இவர் இரண்டு மணி நேரம் தாங்குவார். இவர் பிழைக்க மாட்டார், அடுத்தவரைப் பார்.

ட்ரையாஜ் என்று மருத்துவ உலகம் சொல்லும் இந்த முன்னுரிமைப் பிரிப்பு போர்க்களத்தில் பிறந்து, ராணுவ மருத்துவமனைகளில் வளர்ந்து, இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளின் விபத்துப் பிரிவு வாசல்வரை வந்துவிட்டது. வழிநெடுக ஒரு கேள்வியும் அதன் கூடவே வந்திருக்கிறது: பிரித்தது சரியா? நோயாளிகளைப் பிரிக்கக் கற்ற வேகத்தில், பிரித்ததைச் சரிபார்க்க யாரும் கற்கவில்லை. அந்தத் தாமதத்துக்கு உயிர்கள்தான் விலை.

அட்டைக்கு முந்தைய காலம்

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையின் மருத்துவ வண்டிகள் போர்முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு லீக், அதாவது நான்கைந்து கிலோமீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகுதான் அவை நகரும். அதற்குள் ஒரு பகல், சில சமயம் ஒன்றரை நாள் ஓடிவிடும். விழுந்த இடத்திலேயே ரத்தம் வடிந்து செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

1792இல் ரைன் படையோடு போன டொமினிக் ழான் லாரே என்ற இளம் அறுவை மருத்துவரால் இதைச் சகிக்க முடியவில்லை. குதிரைகள் இழுத்து ஓடும் பீரங்கிகளின் வேகத்தைப் பார்த்தவர், அதே வேகத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் இலகுவான வண்டிகளை வடிவமைத்தார். ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். வண்டி வேகமாக வந்ததும் வேறொரு நெருக்கடி முளைத்தது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து குவிந்தால் யாரை முதலில் தொடுவது?

நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் லாரே பதில் எழுதினார். ஆபத்தான காயம் உள்ளவருக்கே முதல் கவனிப்பு. பதவியையும் அந்தஸ்தையும் பார்க்கக் கூடாது. காயம் லேசானவர்கள் காத்திருக்கட்டும். தளபதிக்கும் தாம்பாளம் கழுவுபவனுக்கும் ஒரே வரிசை என்று ஒரு ராணுவத்துக்குள் நின்று சொல்லத் துணிச்சல் வேண்டும். போரடினோ சண்டையில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 உறுப்புகளை அறுத்தெடுத்த மனிதர், அந்த ஓட்டத்துக்கு நடுவிலும் இந்த ஒழுங்கைக் கைவிடவில்லை.

அடுத்த வருஷமே அவருக்கு வேறு வகைச் சோதனை வந்தது. 1813இல் பவுட்சன் சண்டைக்குப் பிறகு, விரலிலும் கையிலும் காயத்தோடு வந்த இளம் சிப்பாய்கள் ஏராளம். போருக்குப் பயந்து தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று மேலதிகாரிகள் குற்றம் சாட்டினார்கள். நிரூபணமானால் மரண தண்டனை. லாரே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதிக்க வைத்தார். ஒருவர்கூடத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதற்குச் சான்று இல்லை என்று அறிக்கை தந்தார். பயிற்சி போதாத இளைஞர்கள் வரிசை வரிசையாக நின்று சுட்டபோது, பின்வரிசைத் துப்பாக்கிகள் முன்வரிசைக் கைகளைக் கிழித்திருந்தன. கூட்டமாகப் பார்த்துப் போட்ட முத்திரையை, ஆள் ஆளாகப் பார்த்து எண்ணித்தான் அழிக்க முடிந்தது. பிரிப்பைச் சரிபார்ப்பது என்றால் இதுதான்.

கைவிடப்பட்டவர்களுக்கும் ஓர் இடம்

லாரேயின் விதியில் ஒரு சங்கடம் இருந்தது. மிக மோசமாகக் காயம்பட்டவர், யார் என்ன செய்தாலும் பிழைக்க மாட்டார் என்றால்? 1846இல் ஜான் வில்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் இதை நேராகவே எழுதினார். அறுவை சிகிச்சையால் யார் பிழைப்பாரோ அவருக்காக, லேசான காயமுள்ளவரும் காப்பாற்ற முடியாதவரும் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

இந்த எண்ணத்தை முழுமையான முறையாக மாற்றியவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகோலாய் பிரகோவ். கிரிமியப் போரின்போது, 1854-55இல், முற்றுகைக்குள் இருந்த செவஸ்தோபோலில் பிரபுக்கள் சபைக் கட்டடம் மருத்துவமனையாகிவிட்டது. குண்டுவீச்சு நாட்களில் ஸ்ட்ரெச்சர்கள் நிற்காமல் வந்தன. மருத்துவர்கள் அலறும் குரலை நோக்கி ஓடினார்கள். அலறக்கூடத் தெம்பில்லாதவன் மூலையில் செத்தான். பிரகோவ் வாசலிலேயே ஐந்தாகப் பிரிக்கச் சொன்னார். பிழைக்க வழியில்லாதவர்கள், உடனே அறுவை வேண்டியவர்கள், மறுநாள்வரை தாங்கக்கூடியவர்கள், வேறிடத்துக்கு அனுப்புவதற்கு வேண்டிய அளவு சிகிச்சை மட்டும் தேவைப்படுபவர்கள், கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடியவர்கள். முதல் பிரிவினரை வெறுமனே ஒதுக்கிவிடவில்லை. அருட்சகோதரிகளும் பாதிரியார்களும் கடைசிவரை அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். போரில் மருந்தைவிட நிர்வாகமே அதிக உயிர்களைக் காக்கும் என்பது பிரகோவின் உறுதியான கருத்து.

அட்டை பிறந்த காரணம்

காயம்பட்டவர் ஒரே மருத்துவரின் கண்ணெதிரில் இருக்கும்வரை அட்டைக்கு வேலை இல்லை. போர்கள் பெரிதாகி, ஒரே ஆள் நாலைந்து கைகள் மாறிப் போகத் தொடங்கியபோதுதான் அது தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் பதுங்குகுழிக்குப் பக்கத்து முதலுதவி நிலையத்திலிருந்து கட்டுப்போடும் நிலையத்துக்கும், அங்கிருந்து காயம்பட்டோர் மையத்துக்கும், பிறகு ரயிலில் தளமருத்துவமனைக்கும் போவார். வழியில் அவர் மயங்கிவிடலாம். மார்ஃபியா ஏற்கெனவே கொடுத்தார்களா, டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்பதை அவர் வாயிலிருந்து கேட்க முடியாது. பொத்தானில் தொங்கிய அட்டைதான் அவருக்காகப் பேசியது.

அந்த மையங்களில் ஒரு தனிக் கூடாரம் இருந்தது. பிழைக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டியவர்களை அங்கே கிடத்துவார்கள். ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற இளம் பிரிட்டிஷ் மருத்துவர் அப்போதுதான் ரத்தம் ஏற்றும் முறையைக் கற்றிருந்தார். வேலை கொஞ்சம் ஓயும் நேரத்தில் அந்தக் கூடாரத்துக்குள் நழுவுவார். மூச்சும் நாடியும் மிச்சமிருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ரத்தம் ஏற்றுவார். ஆள் தேறியதும் அறுவை செய்வார். அவர்களில் பலர் பிழைத்தார்கள் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் பதிவு செய்திருக்கிறார்.

இந்த அட்டையின் வரலாற்றிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இது. அந்தக் கூடாரத்துக்கு ஆட்களை அனுப்பியவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நேற்றுவரை அவர்கள் தீர்ப்பு சரி. ரத்தம் ஏற்றும் புட்டி ஒன்று வந்து சேர்ந்ததும் அதே தீர்ப்பு தவறாகிவிட்டது. அட்டையின் நிறம் நோயாளியின் உடம்பில் மட்டும் எழுதப்பட்டதல்ல. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், எத்தனை மேசை இருக்கிறது, என்ன மருந்து கைவசம், இப்போது மணி என்ன என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்று மாறினாலும் பிரிப்பை மறுபடி பார்த்தாக வேண்டும்.

யாருக்காகப் பிரிக்கிறோம்?

ராணுவ மருத்துவமனைக்கு எசமானர்கள் இருவர். நோயாளி ஒருவர், படை மற்றொருவர். படைத்தலைமைக்கு வேண்டியது, துப்பாக்கி பிடிக்கும் கைகள் சீக்கிரம் களத்துக்குத் திரும்புவது. அந்தக் கணக்கில் பார்த்தால் லேசான காயமுள்ளவரே முதலில் வர வேண்டும். லாரேயின் வரிசை தலைகீழாகிவிடும்.

இது வெறும் கற்பனை அல்ல. 1943இல் வட ஆப்பிரிக்காவில் அமெரிக்கப் படையிடம் பென்சிலின் சொற்பமாகவே இருந்தது. காயத்தில் சீழ் பிடித்துக் கிடந்தவர்களை விட்டுவிட்டு, பால்வினை நோய் கண்ட வீரர்களுக்கே அதைக் கொடுத்தார்கள். அவர்கள்தாம் சில நாளில் சண்டைக்குத் திரும்ப முடியும் என்று அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் பின்னாளில் எழுதினார்.

ஆறு வருஷம் கழித்து, 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு இந்தக் கேள்விக்கு ஒரு வரம்பு போட்டது. சிகிச்சையில் யாருக்கு முன்னுரிமை என்பதை அவசர மருத்துவக் காரணங்கள் மட்டுமே தீர்மானிக்கலாம். காயம்பட்ட எதிரிக்கும் அது பொருந்தும். ஒரு பிரிப்பு முறை நல்லதா என்று மதிப்பிடப் புறப்படும் எவரும், எதை அளவுகோலாக வைக்கிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். பிழைத்த உயிர்களா, களத்துக்குத் திரும்பிய ஆட்களா? அளவுகோல் மாறினால், வென்ற முறையே தோற்ற முறையாகத் தெரியும்.

முயலும் ஆமையும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அட்டை ராணுவ முகாமை விட்டு ஊருக்குள் வந்தது. அமெரிக்காவில் பரவிய ‘மெட்டேக்’ அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால், அடியில் கிழிக்கத் தோதாகத் துளையிட்ட வண்ணப் பட்டைகள் இருக்கும். சிவப்பில் முயல்: ஓடு, இவரைத் தூக்கு. மஞ்சளில் ஆமை: கொஞ்சம் பொறுக்கலாம். பச்சையில் குறுக்குக்கோடு போட்ட ஆம்புலன்ஸ்: வண்டி தேவையில்லை. கறுப்பு, இறந்தவர்களுக்கு. எழுத்தறியாதவரும், வேற்று மொழிக்காரரும், இருட்டில் டார்ச் அடித்துப் பார்ப்பவரும் புரிந்துகொள்வார்கள்.

அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு 1983இல் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து ‘ஸ்டார்ட்’ என்ற முறையை உருவாக்கின. நடக்க முடிந்தவர்கள் பச்சை. மற்றவர்களிடம் மூச்சு, ரத்த ஓட்டம், சொன்னதைச் செய்யும் நினைவு மூன்றையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 30 மூச்சைத் தாண்டினால் சிவப்பு. ஓர் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அழகான அட்டைக்குள் ஒரு குறை ஒளிந்திருந்தது. பட்டையைக் கிழித்தால் ஒட்ட முடியாது. மஞ்சளில் இருப்பவர் மோசமானால் மஞ்சளைக் கிழித்துச் சிவப்பாக்கலாம். சிவப்பில் இருந்தவர் தேறினால் திரும்ப மஞ்சளாக்க வழியில்லை. புது அட்டைதான் தேட வேண்டும். நோயாளியின் நிலை இரண்டு பக்கமும் போகும், அட்டை ஒரு பக்கம் மட்டுமே போகும். பிரிட்டனில் வந்த சிலுவை வடிவ மடிப்பு அட்டை இதைச் சரிசெய்தது. தேவையான நிறம் வெளியே தெரியும்படி எத்தனை தடவை வேண்டுமானாலும் மடித்துக்கொள்ளலாம். முதல் பிரிப்பு ஒரு தொடக்கம்தான், மறுபடி மறுபடி பார்த்தே ஆக வேண்டும் என்ற பாடத்தை அந்த மடிப்பு கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஒரே மருத்துவமனை, இரண்டு வாசல்

ராணுவ மருத்துவமனை என்றதும் குண்டுக் காயம்தான் நினைவுக்கு வரும். சாதாரண நாளில் அதன் அவசரப் பிரிவுக்கு வருவோர் வேறு. ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு நெஞ்சு அடைக்கிறது. வீரர் ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு. இவர்கள் யாருக்கும் ரத்தம் வடியவில்லை. மாரடைப்பு வந்தவர் நடந்தே உள்ளே வருவார். போர்க்களக் கணக்கில் அவருக்குப் பச்சைதான் கிடைக்கும்.

ஆகவே பொது மருத்துவமனைகளுக்கு ஐந்து நிலை அளவுகோல்கள் வந்தன. ஆஸ்திரேலியா 1993இல் தேசிய அளவில் ஒன்றை ஏற்றது. மான்செஸ்டர் முறை 1994இல் உருவானது. கனடா 1999இல் தன் அளவுகோலை வெளியிட்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் வூர்ஸ், டேவிட் ஐடெல் என்ற இரு மருத்துவர்கள் 1990களின் முடிவில் ‘ஈ.எஸ்.ஐ.’ முறையை வகுத்தார்கள். நர்ஸ் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்கிறார். உயிர் காக்க இந்த நொடியே ஏதாவது செய்ய வேண்டுமா? காத்திருக்க வைப்பது ஆபத்தா? ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டிரிப் என்று எத்தனை விதமான வசதி தேவைப்படும்? நாடியும் மூச்சும் அபாய எல்லையில் இருக்கின்றனவா? மூன்றாவது கேள்வியைக் கவனிக்க வேண்டும். நோயாளியின் உடம்பு மட்டுமல்ல, அவருக்காக எத்தனை விதமான வசதிகளைச் செலவிட வேண்டியிருக்கும் என்பதும் அதில் கணக்கில் சேருகிறது.

ஒரு ராணுவ மருத்துவமனை இவற்றில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். எது தனக்குப் பொருந்தும் என்று சோதிக்க முதல் படி ஒன்று உண்டு. ஒரே நோயாளியை இரண்டு நர்சுகள் தனித்தனியே பார்த்தால் ஒரே எண்ணைப் போடுகிறார்களா? தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, உண்மையான ஒற்றுமையைக் ‘கப்பா’ என்ற எண்ணால் அளப்பார்கள். முழு ஒற்றுமை என்றால் 1. வெறும் தற்செயல் என்றால் 0. பகல் ஷிஃப்டில் மஞ்சளான நோயாளி இரவு ஷிஃப்டில் பச்சையாகிறார் என்றால், அங்கே முறை என்று ஒன்று இல்லை; ஆளுக்கு ஆள் அபிப்பிராயம்தான் இருக்கிறது. ஆனால் இருவரும் சேர்ந்தே தவறலாம். அதனால் ஒற்றுமை போதாது, உண்மையும் வேண்டும்.

தீர்ப்பின் மேல் தீர்ப்பு

பிரிப்பில் தவறு இரண்டு வகை. உடனே பார்க்க வேண்டியவரைக் காத்திருக்க வைப்பது ஒன்று. காத்திருக்கக்கூடியவரை உடனே உள்ளே அனுப்புவது மற்றொன்று. சல்லடைக் கண் மாதிரி, ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் பிசகும். அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி விபத்துக் காயங்களுக்குச் சொல்லும் வரம்பு: முதல் வகைத் தவறு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதற்காக இரண்டாம் வகை 25 முதல் 35 சதவீதம்வரை போனாலும் பொறுக்கலாம்.

அதிகமாக உள்ளே அனுப்புவதில் பெரிய கெடுதல் இல்லை என்ற எண்ணத்தை எரிக் ஃப்ரைக்பர்க் என்ற அறுவை மருத்துவர் உடைத்தார். 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் அமெரிக்கக் கடற்படைவீரர் குடியிருப்பில் நடந்த குண்டுவெடிப்பு, 241 அமெரிக்கப் படையினரைக் கொன்றது. அந்தச் சம்பவத்தையும் பல நாடுகளின் குண்டுவெடிப்புகளையும் ஆராய்ந்த அவர், தேவையில்லாமல் சிவப்பில் தள்ளப்படுவோர் கூடக்கூட, உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களின் சாவும் கூடுகிறது என்று காட்டினார். லேசான காயக்காரர் அறுவை மேசையில் கிடக்கும்போது, அந்த மேசைக்கு உரியவர் வராந்தாவில் கிடக்கிறார்.

இப்படி எண்ணிப் பார்க்கக் கணக்கு வேண்டும். கணக்குக்குப் பதிவு வேண்டும். இங்கேதான் பழைய அட்டை இரண்டாவது வாழ்க்கை எடுத்தது. அமெரிக்காவின் 75ஆம் ரேஞ்சர் படைப்பிரிவு தன் வீரர்களுக்கென ஓர் எளிய அட்டை வைத்து, களத்தில் செய்த சிகிச்சை ஒவ்வொன்றையும் பதிவேட்டில் சேர்த்தது. 2001 முதல் 2010 வரை காயம்பட்ட 419 பேரின் கணக்கு 2011இல் வெளியானது. களத்திலேயே தடுத்திருக்கக்கூடிய சாவு அதில் ஒன்றுகூட இல்லை. அதே காலத்து அமெரிக்கப் படைகளின் மொத்தக் கணக்கோ வேறாக இருந்தது. மருத்துவமனையை எட்டுமுன் இறந்தவர்களில் நாலில் ஒருவர் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது. அந்தச் சாவுகளில் 10க்கு 9 ரத்தப்போக்கால் நேர்ந்தவை. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது, யாரோ எழுதி வைத்ததால்தான்.

ஆப்கானிஸ்தானில் கேம்ப் பாஸ்டியன் மருத்துவமனைக்கு வந்தவர்களின் பதிவுகளை வைத்து, ஜேம்ஸ் வஸ்ஸாலோ உள்ளிட்ட பிரிட்டிஷ் படை மருத்துவர்கள் புழக்கத்திலிருந்த பிரிப்பு முறைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். யாருக்கு உயிர்காக்கும் சிகிச்சை உண்மையில் தேவைப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரை ஒவ்வொரு முறையும் முதல் வரிசையில் பிடித்திருக்கும்? முடிவு கவலை தந்தது. பல முறைகள் பாதிப் பேரைக்கூடப் பிடிக்கவில்லை. ஆரோக்கியமான இளைஞனின் உடம்பு ரத்தம் போகப் போகச் சமாளித்துக்கொண்டே வந்து, திடீரென்று சரியும். நாடி 120ஐத் தாண்டட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அந்தக் கணக்கிலிருந்து பிறந்த புது முறையில் நாடியின் எல்லை 100 ஆக இறங்கியது. மூச்சின் எல்லையும் இறுகியது. அதுவும் ஏறத்தாழ 10க்கு 7 பேரைத்தான் சரியாகப் பிடித்தது. அந்தக் குறையையும் மறைக்காமல் சேர்த்தே வெளியிட்டார்கள்.

2023இல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை ‘பத்து விநாடி’ முறையை ஏற்றது. அதில் நாடியை எண்ணுவதே இல்லை. ரத்தம் பீறிட்டால் முதலில் அதை அடை என்கிறது. மூச்சில்லாதவரை இறந்தவர் என்று அங்கேயே முத்திரை குத்தாமல், வெள்ளி நிறம் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்கிறது. கைவிடப்பட்டவர்களின் கூடாரத்தை இன்னொரு தடவை எட்டிப் பார் என்று கெய்ன்ஸ் செய்து காட்டியது, இப்போது விதியாகவே ஆகிவிட்டது.

நம் வாசலில்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து, அவசர சிகிச்சைக்கான ‘தாய்’ திட்டம் வந்த பிறகு, விபத்துப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் ஏற்பட்டிருக்கின்றன. வரிசையில் யார் முன்னால் நின்றார், யாருக்கு யாரைத் தெரியும் என்பதை மீறி, யாருக்கு அவசரம் என்ற கேள்வி வாசலிலேயே எழுகிறது. அதன் பின்னால் இரண்டு நூற்றாண்டின் ரத்தம் இருக்கிறது. அதை மதிப்பது என்றால், சுவரில் நிறம் பூசியதோடு நிற்காமல் கணக்கும் பார்ப்பது.

ராணுவ மருத்துவமனையோ மாவட்ட மருத்துவமனையோ, கேட்க வேண்டிய கேள்விகள் ஒரே மாதிரிதான். பச்சையில் உட்கார வைத்தவர்களில் எத்தனை பேர் அன்று இரவே ஐ.சி.யூ.வுக்குப் போனார்கள்? சிவப்பில் படுத்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலை வீட்டுக்குப் போனார்கள்? காத்திருந்தவர்களை யாராவது திரும்பிப் பார்த்தார்களா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை? இந்த எண்களை வாரம்தோறும் நர்சுகளும் மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிரித்தவரைத் தண்டிக்கும் கூட்டமாக அது மாறிவிடக் கூடாது. மாறினால் அட்டையில் உண்மை எழுதுவதே நின்றுபோகும். எழுதிவைப்பதற்குச் செலவு அதிகமில்லை. பிரிக்கும் கை தவறத்தான் செய்யும். அதன் மேல் யாருக்கும் கோபம் வராது. எத்தனை முறை தவறினோம் என்று சொல்ல முடியாத மருத்துவமனைக்கு, தன் முறை நல்ல முறை என்று சொல்லவும் உரிமை கிடையாது.